பீட்டர்ஸ்பர்கில் ஓர் இரவு: ருபின்ஷ்தைன் தெருவா, நெக்ராசவ் தெருவா, ரியூமச்னயாவா, ஜாஸா?

ஜூன் நெருங்கினாலே எனக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "அண்ணா, பீட்டர்ஸ்பர்கில் ரெண்டு ராத்திரி இருக்கோம். பார் பக்கம் போகணும்னா எங்கே போறது? எல்லாரும் ருபின்ஷ்தைன் தெருன்னு சொல்றாங்க, அங்கேயே போயிடலாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ரஷ்யாவின் வேறு ஊர்களில் மருத்துவம் படிக்கும் நம் பிள்ளைகள். தேர்வு முடிந்த கையோடு, இரவிலும் முழுதாக இருட்டாத ஜூன் மாத 'வெண்ணிரவுகளை'ப் பார்க்க ரயிலேறி வருகிறவர்கள். மீதிப் பேர் ஊரிலிருந்து சுற்றுலாவாக வருகிறவர்கள்.

ருபின்ஷ்தைன் தெருவுக்குப் போகலாம், தவறே இல்லை. ஆனால் நான் முதலில் அவர்களிடம் திருப்பிக் கேட்பது வேறு: "எங்கே தங்குறீங்க? ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" பீட்டர்ஸ்பர்கில் இரவைத் திட்டமிட இந்த ஒரு பதில் போதும், பாதி முடிவு தானாக வந்துவிடும்.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது, பாலங்கள். நேவா ஆறு கடலில் சேரும் இடத்தில், தீவுகளின் மேல் கட்டிய ஊர் இது. ஏப்ரலில் பனி உருகியதிலிருந்து நவம்பர் வரை, இரவில் கப்பல்கள் போவதற்காக நேவாவின் பெரிய பாலங்களை நடுவே பிளந்து மேலே தூக்கிவிடுவார்கள். அரண்மனைப் பாலம் இரவு ஒரு மணி தாண்டியதும் எழும்பிவிடும். மூன்று மணிக்குச் சற்று முன்பு சிறிது நேரம் இறங்கி மறுபடி எழும்பும், அப்புறம் ஐந்து மணி வாக்கில்தான் இறங்கும். மெட்ரோவோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், மறுபடி ஓடத் தொடங்குவது காலை ஐந்தரை மணிக்கு மேல். ஆக, பார்கள் நிறைந்த மையப்பகுதி ஒரு கரையில், உங்கள் படுக்கை மறுகரையில் வசீலியெவ்ஸ்கி தீவிலோ 'பெத்ரோகிராத் பக்கம்' என்ற பகுதியிலோ இருந்தால், ஒரு மணிக்குப் பிறகு நீங்கள் வேறு ஊரில் மாட்டிக்கொண்ட மாதிரிதான்.

எனக்கு இது நடந்தது. அங்கே போன முதல் கோடையில் பெத்ரோகிராத் பக்கம் அறை எடுத்திருந்தேன். நானும் நண்பனும் பேச்சு சுவாரசியத்தில் மணி பார்க்கவில்லை. ஓடிப்போய்க் கரையில் நின்றபோது பாலத்தின் தார்ச்சாலை விளக்குக் கம்பங்களோடு செங்குத்தாக வானத்தில் நின்றது. அழகான காட்சி, பத்து நிமிடம் வாயைப் பிளந்து பார்த்தோம். மிச்ச நேரமெல்லாம் ஆற்றங்காற்றில் நடுங்கினோம். ஜூன் மாதம்தான், ஆனாலும் நேவாக் கரையில் அதிகாலை நம் உடம்புக்குக் கடுங்குளிர்.

சுற்று வழி இல்லாமல் இல்லை. 2004-இல் திறந்த பெரிய ஒபூஹவ் பாலம் கம்பிகளில் தொங்கும் உயரமான பாலம், எழும்பாது. மேற்கே கடலோரமாக 2016-இலிருந்து முழுமையாக ஓடும் கட்டணச் சாலையும் உண்டு. டாக்ஸி அந்த வழியாகக் கொண்டுபோய் விடும். ஆனால் பத்து நிமிடத் தூரம் ஊரைச் சுற்றும் பயணமாகிவிடும், சாலைக் கட்டணமும் உங்கள் தலையில். குளிர்காலத்தில் நேவா உறைந்து, கப்பல் போக்குவரத்து நின்றுவிடுவதால் இந்தத் தொல்லை கிடையாது.

இரண்டாவது, முழு மாலையின் செலவு. கோப்பையின் விலையோடு டாக்ஸி, மேசைக்கான முன்பணம், கச்சேரி டிக்கெட், நடுராத்திரி பசிக்கு வாங்கும் சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாவது, அங்கே உட்கார்ந்து பேச முடியுமா என்பது. நண்பர்களைப் பல மாதம் கழித்துச் சந்திக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமானது வேறில்லை.

நான்காவது, கூட்டத்தில் குடிக்காதவரோ சைவமோ இருந்தால் அவருக்கு அங்கே என்ன இருக்கிறது. நாம் குழுவாகப் போகும்போது ஒருவராவது அப்படி இருப்பார். அவர் மூன்று மணி நேரம் கோலாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

1. ருபின்ஷ்தைன் தெரு

ஊரின் முக்கியச் சாலையான நெவ்ஸ்கி பெருஞ்சாலையிலிருந்து 'ஐந்து முனை' சந்திப்பு வரை சுமார் 700 மீட்டர். இருபுறமும் வரிசையாக பார், உணவகம், ஒயின் கடை. ரஷ்யாவின் முதல் இசைக் கல்லூரியை 1862-இல் இதே ஊரில் நிறுவிய அந்தோன் ருபின்ஷ்தைன் பெயரில் இருக்கும் தெரு. 1981-இல் லெனின்கிராத் ராக் கிளப் தொடங்கியது இங்கே 13-ஆம் எண் கட்டடத்தில்தான். ராக் பாடகர் விக்தர் த்சோயின் 'கினோ' குழு அங்கே வளர்ந்தது. எழுத்தாளர் செர்கேய் தவ்லாத்தவ் 23-ஆம் எண் வீட்டில் வாழ்ந்தார், வாசல் அருகே அவருக்குச் சிலை இருக்கிறது. 1910-களில் ஃபியோதர் லித்வால் கட்டிய 'தல்ஸ்தோய் வீடு' என்ற பெரிய குடியிருப்பும் இதே தெருவில். பகலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு இரவில் வந்தால் தெரு வேறு மாதிரித் தெரியும்.

ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து முதன்முறை வருகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விருப்பம் என்றால் இதுதான் உங்களுக்கு. ஒருவருக்கு ஜார்ஜியச் சாப்பாடு, ஒருவருக்கு பீர், ஒருவருக்கு வெறும் தேநீர் என்று எல்லாம் நூறு அடிக்குள் கிடைக்கும். ஜார்ஜியச் சமையல் சைவக்காரர்களுக்கு நல்ல புகலிடம். சீஸ் நிறைந்த ரொட்டி, ராஜ்மா மாதிரியான லோபியோ, வால்நட் வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய் என்று வயிறாரச் சாப்பிடலாம்.

மறைந்திருக்கும் செலவு: கோடை வெள்ளி, சனிக்கிழமைகளில் முன்பதிவு இல்லாமல் நல்ல மேசை கிடைப்பது கடினம். சில இடங்களில் பெரிய குழு என்றால் முன்பணம் கேட்பார்கள், அதைத் தாண்டித்தான் ஆர்டர் செய்ய வேண்டும். காக்டெயில் விலையில் தெருவின் பெயருக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். இரைச்சலும் அதிகம். மேல் மாடிகளில் குடும்பங்கள் வசிக்கின்றன. இந்தச் சத்தத்தை எதிர்த்து அவர்கள் பல வருடங்களாகப் போராடி வருகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். இரவு பதினொன்றுக்கு மேல் தெருவில் நின்று கத்திப் பேசாதீர்கள், தயவுசெய்து.

2. நெக்ராசவ் தெருவும் சுற்றுவட்டாரமும்

நெவ்ஸ்கிக்கு வடக்கே பதினைந்து நிமிட நடை. கவிஞர் நிக்கொலாய் நெக்ராசவ் பெயரில் இருக்கும் இந்தத் தெரு பகலில் சாதாரணக் குடியிருப்புத் தெரு. ஒரு பொம்மலாட்ட அரங்கம், ஒரு பழைய சந்தை, பழைய கல் வீடுகள். அந்த வீடுகளின் தரைத்தளத்தில், சில நேரம் நான்கு படி கீழே இறங்கும் நிலவறையில், சின்னச் சின்ன பார்கள். பக்கத்து ஜுக்கோவ்ஸ்கி தெருவிலும் இப்படித்தான்.

என் ஓட்டு இதற்குத்தான், மறைக்க விரும்பவில்லை. இங்கே பார்மேன் உங்களோடு பேசுவார். "எனக்குப் புளிப்புப் பிடிக்கும், இனிப்பு வேண்டாம்" என்று சொன்னால் யோசித்துக் கலந்து தருவார். கிராஃப்ட் பீர் (சின்ன ஆலைகள் காய்ச்சும் பீர்) குடிப்பவர்களுக்கு இந்த ஊர் நல்ல ஊர். ஸ்தெபான் ராஸின் பீர் ஆலை 1795-இல் தொடங்கியது, பால்திக்கா 1990-இல். அதற்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டில், லண்டனில் காய்ச்சிய கெட்டியான கறுப்பு பீர் கப்பலேறி பீட்டர்ஸ்பர்க் அரண்மனைக்கு வந்தது. 'இம்பீரியல் ஸ்டவுட்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். அந்தக் கறுப்பு பீரை அது வந்து இறங்கிய ஊரிலேயே ஒரு தடவை குடித்துப் பாருங்கள். ஆல்கஹால் அளவு சாதாரண பீரைவிட மிக அதிகம், அதனால் சின்னக் கோப்பை போதும்.

மறைந்திருக்கும் செலவு இங்கே இடம்தான். பல பார்களில் இருபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். நீங்கள் ஆறு பேராகப் போனால் பிரிந்து நிற்க வேண்டிவரும். சாப்பாடு குறைவு, சைவம் அதைவிடக் குறைவு, எனவே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று, இந்தச் சின்ன பார்களின் ஆயுள் நீளமில்லை. குடியிருப்புக் கட்டடங்களில் 50 சதுர மீட்டருக்குக் குறைந்த கூடம் கொண்ட மதுக்கடைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை நகர சட்டமன்றம் 2020-இல் நிறைவேற்றியபோது இந்தத் தெருக்கள் கலங்கிப்போயின. அதனால்தான் பார் பெயர் எதையும் எழுதாமல் விடுகிறேன். தெருவை நினைவில் வையுங்கள். போய் நின்று, சன்னல் வழியே எட்டிப் பார்த்து, பிடித்த இடத்தில் நுழையுங்கள்.

இரண்டு பேர், அதிகபட்சம் மூன்று பேர் என்றால் வேறெங்கும் யோசிக்க வேண்டாம்.

3. ரியூமச்னயா

இதைப் பற்றி யாருமே என்னிடம் கேட்பதில்லை, ஆனால் நானாகவே சொல்லிவிடுவேன். 'ரியூம்கா' என்றால் சின்ன மதுக்கோப்பை. அதை ஊற்றித் தருகிற கடை ரியூமச்னயா. 1950-களின் சோவியத் காலத்தில் பரவிய வடிவம். ஒரு கோப்பை வோட்காவோடு ஒரு ரொட்டித் துண்டு என்று சேர்த்துக் கொடுத்த இடங்கள். மாஸ்கோவைவிட பீட்டர்ஸ்பர்கில் இந்தப் பழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உள்ளே போனால் உயரமான மேசைகள், சில இடங்களில் நாற்காலியே இருக்காது. கல்லாவுக்குப் பின்னால் பெரும்பாலும் நடுத்தர வயது அம்மா ஒருவர் நிற்பார். சிரிக்க மாட்டார், ஆனால் கணக்கில் ஒரு ரூபிள்கூடத் தவறாது. வோட்காவைக் கிராமில் கேட்க வேண்டும், "ஐம்பது", "நூறு" என்று. கூடவே கறுப்பு ரொட்டியில் வெண்ணெய், பாதி முட்டை, மேலே ஒரு சின்ன உப்பு மீன். சைவமென்றால் ஊறுகாய் வெள்ளரி, புளித்த முட்டைகோஸ், ஊறுகாய்க் காளான். அந்த வெள்ளரி ஊறுகாயின் உப்பும் பூண்டும் வெந்தய வாசனையும் நாக்கில் பட்டால் ஊர் நினைவு வந்துவிடும், உண்மையாகச் சொல்கிறேன்.

பாட்டு இல்லை, விளக்கு அலங்காரம் இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு தொழிலாளி, ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், தனியாக வந்து தனியாகக் குடித்துவிட்டு யாருக்கோ தலையாட்டிவிட்டுப் போகும் ஒரு கிழவர் என்று ஊரின் நிஜமான முகங்கள் இங்கேதான் தெரிகின்றன. கைபேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். அது அவர்களுக்குக் காட்சிப் பொருள் இல்லை, அவர்கள் மாலை நேரம் அது. ரஷ்யன் கொஞ்சம் தெரிந்தால், அரை மணி நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுப்பார். எனக்கு இந்த மொழியில் தயக்கம் போனது வகுப்பறையில் இல்லை, இப்படி ஒரு உயரமான மேசை ஓரத்தில்தான்.

இப்போது இளைஞர்கள் நடத்தும் புதுவகை ஷாட் கடைகளும் பெருகிவிட்டன. குதிரைமுள்ளங்கி, கிரான்பெர்ரி, கடற்கருவேலிப் பழம் போன்றவற்றை மதுவில் ஊறவைத்த 'நஸ்தோய்கா'க்கள் அங்கே சின்னக் கோப்பையில் மலிவாகக் கிடைக்கும். பழைய ரியூமச்னயா தயக்கமாக இருந்தால் இவற்றில் தொடங்கலாம்.

விலை எல்லாவற்றிலும் குறைவு. ஆனால் மறைந்திருக்கும் செலவு உடம்புக்கு. சின்னக் கோப்பை என்பதால் கணக்குத் தப்பிவிடும். நான்கு ஐம்பது என்றால் அரை லிட்டர் பாட்டிலில் ஐந்தில் இரண்டு பங்கு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சாப்பிடாமல் ஒரு கோப்பைகூடக் கூடாது, அதற்காகத்தான் அந்த ரொட்டியே. பழைய பாணிக் கடைகள் சீக்கிரம் மூடிவிடும், ஆறு ஏழு மணிக்குப் போவது நல்லது. தனியாகப் போகும் பெண்களுக்கு மாலையின் தொடக்கம் பிரச்சினை இல்லை, நேரம் ஆக ஆக ஆண்கள் கூட்டமாகிவிடும். அப்போது நஸ்தோய்காக் கடைகளே வசதி.

4. இசை உள்ள இரவு

குடிக்காதவர்கள் கூட்டத்தில் இருந்தால், அல்லது நீங்களே குடிப்பதில்லை என்றால், இதைத்தான் சொல்வேன். சகரோத்னி சாலை 27-இல் ஜாஸ் இசைக்கான ஃபில்ஹார்மனி, அதாவது கச்சேரி அரங்கம், இருக்கிறது. ஜாஸ் இசைக்கலைஞர் டேவிட் கலஷ்யோக்கின் முயற்சியில் 1989 ஜனவரி 1 அன்று திறந்தது. சோவியத் ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஜாஸுக்கென்றே அரசு ஓர் அரங்கு தந்தது என்பதே பெரிய விஷயம். மேசையில் உட்கார்ந்து தேநீரோ ஒயினோ குடித்துக்கொண்டு கேட்கலாம். மாலைக் கச்சேரி மெட்ரோ நிற்பதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் பாலக் கவலை கிடையாது. முடிந்ததும் ஐந்து முனை வழியாக ருபின்ஷ்தைன் தெருவுக்கு நடந்தே போய்விடலாம்.

ராக் பிடித்தவர்களுக்கு 'கம்சாத்கா'. 1980-களின் பிற்பகுதியில் த்சோய் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடும் வேலை பார்த்த அதே அறைதான் இன்று கிளப்பும் அருங்காட்சியகமும். அவர் 1990-இல், 28 வயதில் விபத்தில் இறந்தார். சுவர் முழுக்க ரசிகர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இது பெத்ரோகிராத் பக்கம் இருப்பதால் அந்தக் கரையில் தங்குகிறவர்களுக்கு மிகவும் பொருந்தும். நடனமாட வேண்டுமென்றால், பழைய குண்டுவீச்சுப் பதுங்குகுழிக்குள் 1996-இல் இசைக்கலைஞர்கள் தொடங்கிய 'கிரிபயேதவ்' இருக்கிறது, லிகோவ்ஸ்கி பக்கம்.

'தெருநாய்' என்ற நிலவறைக் கஃபேயையும் சொல்ல வேண்டும். 1911-இன் கடைசி இரவில் திறந்தது. அஹ்மாத்தவாவும் மந்தெல்ஷ்தாமும் மயக்கோவ்ஸ்கியும் கவிதை படித்த இடம். 1915-இல் மூடப்பட்டு, 2001-இல் அதே நிலவறையில் மறுபடி திறந்தார்கள். கவிதைக்காகப் போங்கள், நாடக நிகழ்ச்சி இருக்கும் நாளாகப் பாருங்கள்.

மறைந்திருக்கும் செலவு டிக்கெட்டும் நேரமும். கடைசி நேரத்தில் போய் நின்றால் நல்ல இடம் கிடைக்காது. இரவு கிளப்புகளில் வாசலில் ஆள் பார்த்து அனுப்பும் பழக்கமும் உண்டு, காரணம் சொல்ல மாட்டார்கள். வாதாடிப் பயனில்லை, அடுத்த இடத்துக்குப் போய்விடுங்கள்.

மற்ற இரண்டு பெயர்கள்

தும்ஸ்கயா தெரு: மலிவு ஷாட்டுக்கும் விடியும்வரை ஆட்டத்துக்கும் ஒருகாலத்தில் பேர்போனது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, பழைய குறிப்புகளைப் படித்துவிட்டுத் தேடிப் போகாதீர்கள்.

செவ்கேபல் துறைமுகம்: வசீலியெவ்ஸ்கி தீவில், பழைய கேபிள் ஆலை வளாகத்தில், பின்லாந்து வளைகுடாவைப் பார்த்தபடி. கோடையில் பத்து மணிக்கு மேல் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பீர் குடிக்க இதைவிட நல்ல இடமில்லை. காற்று பலமாக அடிக்கும், ஜாக்கெட் வேண்டும். தீவிலேயே தங்குகிறவர்களுக்குத்தான் சரி.

ஒரே பார்வையில்

| | ருபின்ஷ்தைன் | நெக்ராசவ் | ரியூமச்னயா | இசை |
|---|---|---|---|---|
| செலவு | அதிகம் | நடுத்தரம் | குறைவு | டிக்கெட்டைப் பொறுத்து |
| பேச முடியுமா | கத்திப் பேசலாம் | நன்றாக | மிக நன்றாக | இடைவேளையில் |
| எத்தனை பேர் | 4 முதல் 8 | 2 முதல் 3 | 1 முதல் 3 | எத்தனை பேரும் |
| குடிக்காதவருக்கு | நல்ல சாப்பாடு | பரவாயில்லை | பொருந்தாது | மிகப் பொருத்தம் |
| சைவம் | எளிது | கடினம் | ஊறுகாய் வகை | இடத்தைப் பொறுத்து |
| பாலத் தொல்லை | மறுகரையில் தங்கினால் உண்டு | மறுகரையில் தங்கினால் உண்டு | சீக்கிரம் முடிவதால் இல்லை | ஜாஸுக்கு இல்லை |

எங்கே போனாலும் கூடவே வருபவை

2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகளின் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. ரூபிளை ரொக்கமாக வைத்திருங்கள், டாக்ஸிக்கும் ரொக்கம்தான். அன்றைய இரவுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அறையில் விட்டுவிடுங்கள்.

கடைகளில் இரவு பத்து மணிக்கு மேல் மது விற்கமாட்டார்கள். தெருவில், பூங்காவில், ஆற்றங்கரையில் பாட்டிலைத் திறந்தால் அபராதம். பாஸ்போர்ட்டின் நகலாவது கையில் இருக்கட்டும்.

நெவ்ஸ்கியில் ஆணாகத் தனியே நடக்கும்போது முன்பின் தெரியாத பெண் வந்து "எனக்குத் தெரிந்த பாருக்குப் போகலாமா" என்றால் மறுத்துவிடுங்கள். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் உட்காரவைத்து, கடைசியில் மாதச் சம்பள அளவுக்கு ரசீது நீட்டும் வேலை அது. 'நுழைவு இலவசம்' என்று கையில் துண்டுச்சீட்டு திணிப்பவர்களையும் கடந்து போங்கள்.

தன்பால் ஈர்ப்புள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. 2023 நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் எல்ஜிபிடி இயக்கத்தைத் தீவிரவாதம் என்று அறிவித்தது. அதன்பிறகு பார்களில் காவல்துறைச் சோதனைகள் நடந்திருக்கின்றன. பொது இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும், இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வேதனையாக இருக்கிறது. உக்ரைன் போரைப் பற்றியும் முன்பின் தெரியாதவர்களிடம் பேசாதீர்கள், அவர்களே பேச்சை எடுத்தாலும்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் ஒரே தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கோட்டைக் கழற்றி மாட்டி, மறுபடி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு பனியில் நடந்து அடுத்த பாருக்குப் போவதில் பாதி இரவு கரைந்துவிடும்.

ஒரே ஓர் இரவுதான் இருக்கிறது என்றால்

மையப்பகுதியில் தங்குகிற இரண்டு பேருக்கு: ஆறரை மணிக்கு ஒரு ரியூமச்னயாவில் ஆளுக்கு ஒரு ஐம்பது, ஒரு வெள்ளரி ஊறுகாய். எட்டு மணிக்கு ஜார்ஜியச் சாப்பாடு. பத்து மணிக்கு நெக்ராசவ் தெரு. பன்னிரண்டரைக்கு எழுந்து அரண்மனைக் கரைக்கு நடந்து பாலம் எழும்புவதைப் பாருங்கள். உங்கள் படுக்கை இந்தப் பக்கம்தான் இருக்கிறது என்ற நிம்மதியோடு பார்க்கும்போது அது முழு அழகோடு தெரியும். திரும்பும் வழியில் பசித்தால் 'ஷவெர்மா' என்று கேளுங்கள். மாஸ்கோக்காரர்கள் மாதிரி 'ஷவுர்மா' என்று சொன்னால் கடைக்காரர் தருவார்தான், ஆனால் திருத்திவிட்டுத் தருவார்.

ஆறு பேர் என்றால் ருபின்ஷ்தைன், மேசையை வியாழக்கிழமைக்குள் பதிவு செய்துவிடுங்கள். தீவுகளில் தங்குகிறவர்கள் கோடையில் செவ்கேபல், மழையென்றால் கம்சாத்கா. மையப்பகுதிக்கு வந்தே தீருவேன் என்றால் பதினொன்றரை மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு வாருங்கள், கடைசி மெட்ரோ பிடிக்க அந்த நேரம் வேண்டும்.